பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்

இந்த ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போவதில்லை என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று தீர்மானம் எடுத்தேன். மாதா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். என் மனைவி டோரீனிடம் சம்மதம் வாங்குவதும் இதே முறையில்தான்.

நான் பத்திநாதன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குள் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவன். இரவு வேலை. ஊர் தூங்கும்போது விழித்திருப்பேன். நான் தூங்கும்போது ஊர் மாவு இடிக்கும், ரேடியோ போடும், சண்டை பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு, பூசை முடிந்ததும் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயமே கொஞ்சம் அடங்கும். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான தூக்கம். அந்த ஒரு ஞாயிற்றைத்தான் நுவரெலியா சீசன் ட்ரிப் என்ற பெயரில் பறிக்கப் பார்த்தார்கள்.

வருசா வருசம் எங்கள் லயத்துப் பெண்கள் பஸ் பிடித்துப் போவார்கள். டோரீன் போனால் நானும் போகவேண்டும். காரணம் கேட்டால் கணக்குச் சொல்வாள். பிள்ளை மூன்று, அவளுக்குக் கை இரண்டு. மிச்சப் பிள்ளைக்கு நான்.

போன வருசம் அந்த மிச்சப் பிள்ளை காலையிலிருந்து பின்னேரம் வரை என் கழுத்தில் உட்கார்ந்திருந்தான். படகுக்கு வரிசையில் நின்று நின்று முன்னால் வந்த நேரம் மூத்தவன் ஜெனுஷனுக்கு ஒன்றுக்கு வந்தது. அதை முடித்துவிட்டு வந்தால் வரிசை மறுபடி வாலிலிருந்து. குதிரை, குதிரை என்று இரண்டு மாதமாக உயிரை வாங்கிய மகள் யூஜினா, குதிரையை நேரில் பார்த்ததும் என் காற்சட்டைக்குள் நுழையப் பார்த்தாள். சிறுவர் பூங்கா என்று பலகை போட்டிருந்த இடத்தில் ஊஞ்சலில் முழுக்கப் பெரியவர்கள் ஆடிக்கொண்டு படம் எடுத்தார்கள். சிறுவர்கள் ஓரமாக நின்று அவர்களுக்குப் போனைப் பிடித்துக்கொடுத்தார்கள்.

ஆகவே இந்தத் தடவை ஒரு திட்டம் போட்டேன். பிள்ளைகள் போகாவிட்டால் தாய்மார் போகமாட்டார்கள். தாய்மார் போகாவிட்டால் பஸ் போகாது. பஸ் போகாவிட்டால் நான் தூங்குவேன். எங்கே தட்டிப் பார்த்தாலும் ஓட்டை இல்லாத திட்டம்.

அன்றைக்கே தொடங்கினேன். வாவியின் ஆழம், குதிரையின் பின்னங்கால், பனி, சளி, கூட்டத்தில் தொலைகிற பிள்ளைகள் என்று டோரீனிடம் விளக்கினேன். நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் உலக முடிவு என்று பெயரையே வைத்திருக்கிற மலைக்குப் பெற்ற பிள்ளையை யாராவது கூட்டிப்போவார்களா என்று கேட்டேன். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டவள், "ம்" என்றாள்.

அதோடு விடவில்லை. பீலியில் குளிக்கும்போது எங்கள் லயத்து மாயாண்டியைப் பிடித்தேன். தண்ணீர் தலையில் கொட்டக் கொட்ட, சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றி அவனுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். சோப்பைக் கையில் பிடித்தபடியே உறைந்து நின்றான். அடுத்தது கஜேந்திரன். அவன் அன்றிரவே வீட்டில் போய், எம் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்று சத்தம் போட்டானாம். இரண்டு நாளில் லயத்து ஆம்பிளைகள் எல்லாருக்கும் பிள்ளைப்பாசம் பொங்கி வழிந்தது.

சனிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது டோரீன் சொன்னாள்:

"நீங்க சொன்னத எல்லார்கிட்டயும் சொன்னேங்க. சரிதான்னுட்டாங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

வேலைக்குப் போகும் வழியெல்லாம் பாட்டு. அடுப்பில் விறகு கூட அன்றைக்குச் சிரித்துக்கொண்டு எரிந்த மாதிரி இருந்தது.

விடிந்து வீட்டுக்கு வந்தேன். லயத்து முன்னால் பஸ் நின்றது. முதலில் யாருக்கோ சாவு என்று நினைத்தேன். பிறகுதான் பெண்கள் நல்ல சேலை கட்டிப் பூ வைத்திருப்பது தெரிந்தது. கையில் சோற்றுப் பார்சல். நடுவில் டோரீன், நீலச் சேலை, தோளில் பை. எந்தக் கையிலும் பிள்ளை இல்லை.

"எங்க போறீங்க?"

"ட்ரிப்புக்குத்தாங்க."

"போறதில்லன்னு சொன்ன?"

"பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறதில்லன்னு சொன்னேன். நீங்கதானே சொன்னீங்க, அது சின்னப் பிள்ளைங்களுக்கு ஏத்த எடம் இல்லன்னு. நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"தாய் இல்லாம அதுங்க எப்படிடீ இருக்கும்?"

பஸ் ஜன்னலிலிருந்து மாயாண்டியின் பெண்சாதி வீரம்மா தலையை நீட்டினாள்.

"தெனமும் இருக்கிற மாதிரித்தாண்ணே. காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க முந்தி பிள்ளைங்கள மடுவத்துல விட்டுட்டுத்தானே மலைக்கு ஏறுறோம். மலைக்கு ஏறுறவளுக்கு பஸ்ஸுக்கு ஏறத் தெரியாதா?"

என் திட்டத்தின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பெண்கள் பால்குடி மறக்காத பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள். அந்த மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவள் என் சொந்த மனைவி. பிள்ளை இல்லாமல் தாய் நகரமாட்டாள் என்று இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து நம்பிய ஒரே ஆள் நான்தான்.

"அப்ப இன்னைக்கு மடுவத்த யாரு பாக்கிறது?"

டோரீன் பையைத் திறந்து மடுவத்துச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள்.

"தோட்டத்துத் தொரகிட்ட சொல்லியாச்சுங்க. சந்தோசமா சரின்னுட்டாரு."

பஸ் போய்விட்டது. பின்னாலேயே மாயாண்டி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் கொண்டுவந்தான். தன்னைவிடப் பாதுகாப்புத் தெரிந்த ஆளிடம் விட்டால்தான் மனதுக்கு நிம்மதி என்றான். கஜேந்திரனும் அதையே சொன்னான். லயத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் வரிசையாக வந்து சொன்னார்கள். பிறகு ஒன்றாகச் சேர்ந்து தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குக் கிரிக்கட் பார்க்கப் போனார்கள்.

மடுவத்துக்குள் நான். என்னைச் சுற்றிலும் லயத்தின் எதிர்காலம்.

கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு யூஜினா ஒரு யோசனை சொன்னாள். அம்மாமார் போன ட்ரிப்பை நாங்களும் போவோம். உட்காருகிற வாங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பஸ். ஜெனுஷன் டிரைவர். துணி ஊறவைக்கிற பெரிய பேசின், வாவி. அதில் படகுக்குப் பதிலாக என் கடைக்குட்டியே மிதந்தான். குதிரைக்குத்தான் ஆள் இல்லை என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பின்னங்கால் பற்றி நான் சொன்னதெல்லாம் வீண்பழி. குதிரைக்கு உதைக்கக் கால் வராது. முழங்காலே தேய்ந்து போய்விடுகிறது. போன வருசம் குதிரையைக் கண்டு நடுங்கிய யூஜினா இந்த வருசம் இறங்கவே மாட்டேன் என்றாள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் நடுவில் ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. தகரத்தில் சத்தம் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தொட்டிலில் கிடந்த இரண்டு மட்டும் முழித்துக்கொண்டே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வலக்கையில் ஒரு கயிறு, இடக்கையில் ஒரு கயிறு. ஆட்டினால் தூங்கும். நிறுத்தினால் அழும். எனக்குக் கண் சொருகும்போதெல்லாம் கை நிற்கும். கை நின்றால் மடுவமே எழும்பும். ராத்திரி முழுக்க நெருப்போடு நின்றவனுக்கு இது புது வேலை. நெருப்பாவது விறகைப் போட்டால் சும்மா இருக்கும்.

டோரீன் ஒவ்வொரு நாளும் இங்கேதான் இருக்கிறாள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியாக, ரொம்பக் களைப்பாங்க என்று என்னைத்தான் கேட்பாள். நானும் விரிவாகப் பதில் சொல்வேன். திருப்பிக் கேட்ட ஞாபகம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அதற்குள் இடப்பக்கத் தொட்டில் அழுதது.

மங்குகிற நேரம் பஸ் திரும்பியது. இறங்கியவர்களைப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். வீரம்மா சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டியிருந்தாள். ஊஞ்சலில் இடம் கிடைத்ததாம். படகில் இரண்டு சுற்றுப் போனார்களாம். டோரீனின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது. கலியாணத்துக்குப் பிறகு அந்த நிறத்தை நான் பார்க்கவில்லை.

இருந்தாலும் அடுத்த வருசத்தை நினைத்துப் பார்த்தேன். என் ஞாயிறு. என் முழங்கால். வீட்டுக்கு நடக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் டோரீன், வாவி அவ்வளவு ஆழமில்லை. குதிரை பாவம், வாயில்லா ஜீவன். குளிர் பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது. பூங்கா என்பதே பிள்ளைகளுக்காகக் கட்டியது. அடுத்த வருசம் ஒன்று விடாமல் எல்லாரையும் கூட்டிப்போ, பாவம், அதுகளுக்கும் ஆசை இருக்காதா.

டோரீன் நின்றாள். தோளில் தூங்கிய கடைக்குட்டியை என் தோளுக்கு மாற்றினாள்.

"இல்லீங்க, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. அது பிள்ளைங்க போற எடமே இல்ல. நேர்லயே பாத்துட்டு வந்துட்டோம், அதனாலதான் அடுத்த மாசமும் நாங்க மட்டும் போறோம்."