உட்கார்ந்தபடி பத்தாயிரம் அடி

என் மனைவியை ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன். லேசான முடிவல்ல. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நடக்காத காரியம் அது.

காரணம் ஓர் ஊசி.

டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். இரண்டுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவானாகா-சான், உங்க உடம்புல ஓடுறது ரத்தமில்ல, பாகு. மூணு மாசம் தரேன். இனிப்பைத் தொடக்கூடாது. தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். சர்க்கரை குறையலைன்னா ஊசிதான். தினமும் நீங்களே வயித்துல குத்திக்கணும்."

எனக்குக் கண் இருட்டியது. சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியைக்கூட நான் நேருக்கு நேர் பார்த்தவனில்லை.

பக்கத்திலிருந்த என் மனைவி சிசுரு, "பத்தாயிரம் அடிதானே டாக்டர்? நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் சொன்ன தொனியில், வாங்கப்போவது நான், கொடுக்கப்போவது அவள் என்றுதான் எனக்குப் பட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கும் புருஷனை எங்கள் ஊர்ப் பெண்கள் 'நனைஞ்ச சருகு' என்பார்கள். துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளுமாம், பெருக்கினாலும் போகாதாம். சிசுரு மறுநாள் காலையிலேயே என்னைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, அறுபத்தாறு வருஷமா இந்த நாகசாகியில இருக்கீங்க. என்னத்தப் பாத்திருக்கீங்க?"

"துறைமுகத்துக் கிடங்கைப் பாத்திருக்கேன்."

"அதுக்குள்ள இருந்த நாற்காலியைப் பாத்திருக்கீங்க. எங்கெங்கேயோ இருந்து ஜனங்க வந்து நம்ம ஊருக் கோயிலு, கல்லுப்பாலம், மேட்டுத்தெருவெல்லாம் நடந்து நடந்து பாக்கறாங்க. நீங்களும் போய்ப் பாருங்க. சாயங்காலம் வந்து என்ன பாத்தீங்கன்னு எங்கிட்ட சொல்லணும்."

"நீ வரலையா?"

"நான் பாட்டு வகுப்புல சேந்துட்டேன். தினமும் உண்டு."

சொல்லிக்கொண்டே என் இடுப்பில் அடி எண்ணும் கருவி ஒன்றை மாட்டினாள். மாட்டுக்கு மணி கட்டுகிற அதே லாகவம். வாசலில் என் புது ஷூ ஜோடி வழக்கம்போல மூக்கு தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவோம். கழற்றிப் போட்டதை எடுத்துத் திருப்பி வைப்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை. அன்று அந்த ஷூ என்னைக் 'கிளம்புடா' என்றது.

கிளம்பினேன். நடந்தேன். நானூறு அடியில் நாக்கு வெளியே வந்துவிட்டது.

எங்கள் சந்துக்கு எதிரேதான் ஐந்தாம் எண் டிராம் புறப்படும் இடம். பச்சையும் பாலாடை நிறமும் பூசிய பழைய வண்டி ஒன்று நின்றது. என்னைவிட மூத்தது. மரத்தரை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. என் பல்செட் உள்பட சகலமும் குலுங்கியது. நாலு நிறுத்தம் தாண்டித் தற்செயலாகக் கருவியைப் பார்த்தேன்.

ஆயிரத்து எழுநூறு.

பேரதிர்ச்சி. வண்டி ஓடுகிறது, அடி என் பேரில் ஏறுகிறது! நடந்து செத்த புண்ணியவான்கள் எத்தனை பேரோ, இது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்களே!

அடுத்த நாள் விஞ்ஞானத்தில் இறங்கினேன். கருவியை இடுப்பிலிருந்து கழற்றி வலது முழங்காலில் கட்டிக்கொண்டேன். காலை ஆட்டினேன். உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று எங்களிடமும் சொல்வதுண்டு. வரட்டும், தரித்திரம் குத்தாது. மறுமுனையான இஷிபாஷிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐயாயிரம். இரண்டு நடை போய்வந்தால் டாக்டர் கேட்ட கணக்கு தீர்ந்தது. கணக்கு சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்பது என் கிடங்கு வாழ்க்கையில் நான் கண்ட உண்மை.

சாயங்காலப் பரீட்சைக்கும் வழி கிடைத்தது. டிராமில் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் கும்பல் கும்பலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து கத்துவார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன்.

"இன்னிக்கு எங்க போனீங்க?"

"மூக்குக்கண்ணாடிப் பாலம். ரெண்டு வளைவு. தண்ணியில நிழல் விழுந்தா அசல் மூக்குக்கண்ணாடியேதான். நானூறு வருஷம் ஆகப்போகுதாம்."

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

"கணுக்கால் அளவு."

"யாரோட கணுக்கால்?"

"கொக்கோட கணுக்கால்."

"கொக்கு என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"ஒத்தைக் கால்ல சும்மா நின்னுட்டு இருந்துச்சு."

"ஓ, அதுக்கும் நடக்கிற உத்தேசம் இல்லையாக்கும்" என்று சிரித்தபடி, சோயாப் பால் கட்டியான டோஃபுவை என் கிண்ணத்தில் வைத்தாள். அந்த 'அதுக்கும்' என் காதில் விழுந்தது. மூளையில் விழவில்லை.

இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு ஃபுகாஹோரி அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன இவானாகா-சான், மூஞ்சி வத்திப்போச்சு?"

"இனிப்பைப் பாத்துப் பத்து நாளாச்சு. காலையிலயும் டோஃபு, ராத்திரியும் டோஃபு. நானே வெள்ளையாயிட்டேன்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "காஸ்டெல்லா ஓரம் வேணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காஸ்டெல்லா என்பது முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து எங்கள் ஊருக்குக் கொடுத்த வரம். பஞ்சு மாதிரி கேக், அடியில் கல்கண்டுபோல நறநறவென்று சர்க்கரை. கட்டியைச் சதுரமாக நறுக்கும்போது விழுகிற ஓரத்துக்கு இருக்கிற ருசி நடுவுக்குக் கிடையாது.

"எங்கக்கா வீட்ல கிடைக்கும். இஷிபாஷில இறங்கி மேட்டுல ஏறணும். போர்டு கீர்டு கிடையாது, சன்னலைத் தட்டணும். ஒரு தடவை ஏறினா ஒரு பொட்டலம்தான். உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என் தலை போயிடும், ஆமா!"

"எத்தனை படி?"

"கொஞ்சம்தான்."

கொஞ்சம் என்றால் இருநூற்று இருபத்தாறு. இஷிபாஷியில் மலை ஏற லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்ட் இருக்கிற மலை வேறு, இனிப்பு இருக்கிற மலை வேறு. என் ஜாதகம் அப்படி.

ஏறினேன். ஐம்பதாம் படியில் முன்னோர்கள் தெரிந்தார்கள். நூறாம் படியில் அவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உச்சியில் சன்னலைத் தட்டினேன். ஒரு கை பொட்டலத்தை நீட்டியது. கல்லில் உட்கார்ந்து பிரித்து வாயில் போட்டேன். அடியில் நறநற இருந்தது. இனிப்புதான் சற்று மட்டு. பலகாரத்தில் சர்க்கரை குறைந்தால் 'நாகசாகி தூரம்' என்பது எங்கள் ஊர் வழக்கு. சர்க்கரை வந்திறங்கிய துறைமுகம் இல்லையா இது. நாகசாகியிலேயே நாகசாகி தூரமாகிவிட்டதே, காலம் கெட்டுவிட்டதே என்று வருந்தியபடியே அத்தனையும் தின்றேன்.

பொட்டலமோ சின்னது. கீழே இறங்கியதும் மறுபடி ஆசை வந்தது. மறுபடி ஏறினேன். இப்படியே தினமும் இரண்டு தடவை, சில நாள் மூன்று. மற்ற நேரமெல்லாம் டிராமில் உட்கார்ந்து நாணயமாகக் காலாட்டினேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஊசிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டுதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"இவானாகா-சான்! என்ன பண்ணினீங்க? சர்க்கரை இறங்கிடுச்சே! ஊசி வேண்டாம்!"

கண்ணைத் திறந்தேன். காலாட்டி, காஸ்டெல்லா தின்று சர்க்கரையைக் குறைத்த முதல் மனிதன் நான். மருத்துவ உலகத்துக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது பாவம் என்றுகூடத் தோன்றியது.

"நடந்தேன் டாக்டர்" என்றேன் அடக்கமாக.

சிசுரு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வாகத்தான் இருந்தது. வீடு வரும்வரைதான்.

மறுநாள் வெற்றிவிழா கொண்டாட டிராம் ஏறினேன். என் மூன்றாம் சன்னல் இருக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டத் தொடங்கினேன். இரண்டாம் நிறுத்தத்தில் வெயில் தொப்பி போட்ட பதினைந்து பேர் ஏறினார்கள். ஆளுக்கொரு வரைபடம். படத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"ஆடுது, ஆடுது!" என்றாள் ஓர் அம்மாள் பரவசமாக.

"பழைய வண்டி அப்படித்தான்மா ஆடும்" என்றேன் பெருமையோடு.

பதினைந்து பேரும் குனிந்து என் முழங்காலைப் படம் எடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் எதைத்தான் எடுக்க மாட்டார்கள்!

இஷிபாஷியில் இறங்கினேன். அவர்களும் இறங்கினார்கள். படி ஏறினேன். பின்னாலேயே ஏறினார்கள். வேகமாக ஏறினேன். "அவர் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூச்சே வாங்கவில்லை! முன்னோர்கள் ஒருவரையும் காணோம்!

உச்சிக்குப் போய்ச் சன்னலைத் தட்டினேன். பொட்டலம் வந்தது. கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"ஏழாவது இடத்துக்கு வந்துட்டோம்! எல்லாரும் இப்படி வந்து நில்லுங்க!"

அந்தக் குரல். முப்பத்தொன்பது வருஷம் கேட்ட குரல்.

வீட்டுச் சுவர் மறைவிலிருந்து வெளியே வந்தாள். கையில் மஞ்சள் கொடி, சட்டையில் வழிகாட்டி அடையாள அட்டை, முகத்தில் புன்னகை. சிசுரு.

காஸ்டெல்லா பாதி வாயில், பாதி வெளியே. நான் சிலையானேன். பதினைந்து பேரும் சிலையைப் படம் எடுத்தார்கள்.

"நீ... பாட்டு வகுப்பு..."

"இந்தப் பாட்டுதான். மூணு மாசமா நகர வழிகாட்டிப் பயிற்சி. இதுதான் நான் போட்ட புது வழி."

வரைபடத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'பழைய டிராமிலும் கால்நடையாகவும் பழைய நகரம்.' கால்நடை யாரென்று கேட்கவே வேண்டாம். முதல் இடம்: 'உட்கார்ந்தபடி நடப்பவர்.' பக்கத்தில் என் முழங்கால் படம். நடுவில், வண்டியிலிருந்தபடியே பார்க்க மூக்குக்கண்ணாடிப் பாலம், கோயில், மேட்டுத்தெரு. ஏழாவது இடம்: 'அவர் ஒளிந்து தின்னும் கல்.'

"என்னைக் கேக்காம என்னை ஊருக்குக் காட்டலாமா?"

"என்னைக் கேட்டுட்டா காலாட்டினீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் உங்க ஷூவைத் திருப்பி வைக்கிறவ நான்தாங்க. ஒரு வாரத்துல கருவி எழுபதாயிரம் காட்டுது, ஷூ அடியில ஒட்டியிருந்த விலைச்சீட்டு அப்படியே இருக்கு!"

பதினைந்து பேரும் என் ஷூவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது அடியெல்லாம் தேய்ந்து கிடந்தது.

"நடங்கன்னு சொன்னா நடக்க மாட்டீங்க. தின்னக்கூடாதுன்னா மலை ஏறுவீங்க. அதான் ஃபுகாஹோரி அம்மாகிட்ட சொல்லி இந்தப் படியைக் காட்டச் சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் ஊசின்னு சொன்ன அன்னிக்கு நான் பொட்டுத் தூக்கம் தூங்கல. நீங்க போயிட்டா நான் யாரோடங்க சண்டை போடறது?"

வாயில் தொங்கிய மீதியை மென்று விழுங்கினேன். ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? கடைசித் துருப்பை எடுத்தேன்.

"எல்லாம் சரி. மூணு மாசம் தினமும் காஸ்டெல்லா தின்னேனே! அதுல ஜெயிச்சது யாரு?"

அப்போது சன்னல் திறந்தது. ஃபுகாஹோரி அம்மாளின் அக்கா தலையை நீட்டினாள்.

"சிசுரு, நாளைக்குப் பொட்டலம் இல்ல. ராத்திரி இன்னொரு தட்டு சுட்டுக் குடுத்துடு."

எனக்குப் பூமி ஆடியது. டிராமைவிட அதிகமாக.

"இது... ஓரம் இல்லையா?"

"டோஃபு பிழிஞ்ச சக்கைங்க. துளி முட்டை போட்டு நான் சுட்டது. சர்க்கரையே கிடையாது."

"அடியில நறநறன்னு இருந்துச்சே!"

"வறுத்த தவிடு."

ஆடுது ஆடுது என்ற அம்மாள் என் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "இதையா இருநூத்திச் சொச்சம் படி ஏறி வந்து தின்னாரு?" என்றாள். பதினைந்து பேரும் எனக்காக இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இனி டிராம் பக்கமே போவதில்லை, என்னை யாரும் பார்க்க முடியாது என்று தீர்மானமாகச் சொன்னேன். சிசுரு வாசலில் குனிந்து என் ஷூவை எடுத்தாள். தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"நாளைக்கு ரெண்டு கும்பல் வருதுங்க. மறந்துபோய் இடது காலை ஆட்டிடாதீங்க, படத்துல இருக்கிறது வலது காலு."