ஓட்டியவனே குதித்த டபுள்ஸ்

லாரிக்குப் பயந்தவனுக்குத்தான் ஊரில் உள்ள குறுக்குவழி எல்லாம் தெரியும். தைரியசாலிக்கு எதற்கு வழி? அவன் பாட்டுக்கு மெயின் ரோட்டில் போய்க்கொண்டே இருப்பான்.

அறுபதுகளின் கடைசியில், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வண்டி வாகனம் இல்லாத சைக்கிள் பாதை வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். எந்த வயல் ஓரமாகப் போனால் ஒரு பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் அஸ்தினாபுரம் சேரலாம், எந்த ஏரிக்கரையில் ஏறினால் வேங்கைவாசலில் இறங்கலாம், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆபீஸில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். "நல்ல காத்து சார், அமைதி சார், உடம்புக்கு நல்லது சார்" என்பேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் என் வண்டி தானாகப் பள்ளத்தைத் தேடிப் போகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

லாரியை விடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் முனையில் நிற்கும் போலீஸ்காரர். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போவது, அதாவது டபுள்ஸ், அந்தக் காலத்தில் குற்றம். பிடித்தால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அப்புறம் பஞ்சர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். என்னை இரண்டு தடவை இறக்கியிருக்கிறார். ஒரு தடவை பின்னால் உட்கார்ந்திருந்தது அரிசி மூட்டை. "மூட்டையும் ஒரு ஆளு கனம் கீதே" என்றார் மனிதர். அவருடைய பெரிய மீசை தூரத்தில் தெரிந்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

என் வண்டி ஒரு லேடீஸ் சைக்கிள். (சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே போகலாம்.) ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. நான் கொஞ்சம் குள்ளம். மற்ற சைக்கிள்களில் ஏறினால் கால் தரையைத் தொடாது. இதில் தொடும். பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் வலை கட்டியிருந்தது. எதற்கென்று தெரியவில்லை. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து வைப்பேன்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. கிரேஸுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். அங்கே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு, என்னை நம்பித் தாம்பரத்துக்கு வந்தவள். முதல் நாள் என் சைக்கிளைப் பார்த்ததும் அந்த வலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். புருஷனுடைய வண்டி மேல் பெண்டாட்டிக்குப் பெருமை என்று நான் புளகாங்கிதம் அடைந்தேன்.

வேலை இல்லாமல் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "பிள்ளைங்க சத்தம் இல்லாம காது அடைச்சுப் போன மாதிரி இருக்கு அத்தான்" என்பாள். அந்தச் சமயத்தில்தான் பெரும்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணி. தலைமையாசிரியை கண்டிப்பானவர், பத்து அடித்துவிட்டால் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார் என்று எச்சரித்திருந்தார்கள். முந்தின நாளெல்லாம் கிரேஸ் சர்டிபிகேட்டுகளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாத காலம் அது. "நான் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சரி அத்தான். மெயின் ரோட்டுலயே நேராப் போயிருவோமா?"

"ரோடா? லாரி, தூசி, போலீஸ்! நான் கூட்டிட்டுப் போற வழியில ஒரு ஈ காக்கா இருக்காது பார்."

அவள் சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள்.

போகும் வழியெல்லாம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பார், ஒரு ஹாரன் சத்தம் கேக்குதா? பார், ஒரு மனுஷன் உண்டா?" ஏரிக்கரையில் ஏறியதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் நானும் என் மனைவியும். அந்தப் பாதையைப் போட்டதே நான்தான் என்கிற மிதப்பில் ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டினேன்.

கரை வளையும் இடத்தில் வழி முழுக்க எருமைகள். பின்னால் தலையில் துண்டும் கையில் குச்சியுமாக ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். சட்டை இல்லை, தொப்பி இல்லை. ஆனால் மீசை இருந்தது.

அந்த மீசை!

டபுள்ஸ் போகிறவர்கள் போலீசைக் கண்டால் என்ன செய்வார்கள்? பின்னால் இருப்பவர் சட்டென்று குதித்து, யாரோ எவரோ என்று ஓரமாக நடப்பார். ஓட்டுகிறவன் ஒன்றும் தெரியாத முகத்தோடு மிதித்துக்கொண்டு போவான். ஊர் உலகத்தில் இதுதான் வழக்கம். அன்றைக்குக் குதித்தது ஓட்டுகிறவன். ஆமாம், நான்தான். கட்டிய மனைவியைக் கேரியரில் அம்போ என்று விட்டுவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து நான் குதித்தேன்.

குதித்தவன் நிற்கவும் இல்லை. கரைச் சரிவில் உருண்டு, ஏரிச் சேற்றில் போய் உட்கார்ந்தேன். கணுக்காலில் சுரீர் என்று ஒரு வலி. ஐயோ, கிரேஸ்! என்று மேலே பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி சாய்வதற்குள் இறங்கி, ஒரு கையில் சர்டிபிகேட் பை, இன்னொரு கையில் சைக்கிள் ஹேண்டில்பார், அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எருமைகள் எல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மீசைக்காரர் ஓடி வந்து என்னைத் தூக்கி மேலே கொண்டுவந்தார். "இன்னா சார், நீதானா? எதுக்குக் குதிச்சே?"

"டபுள்ஸ்..." என்றேன்.

"நான் இன்னிக்கு லீவு சார்! எர்ம கன்னு போட்டுக்கீது, அதான் வூட்ல கீறேன். முனையில ஒரு ஆளும் இல்ல. ரோட்டு மேல ராஜாவாட்டம் போயிருக்கலாமே, இங்க எதுக்கு வந்தே?"

யாருக்குப் பயந்து நான் ஏரிக்கரைக்கு வந்தேனோ அவர் ஏரிக்கரையில் எருமை மேய்க்கிறார். ரோடு காலியாகக் கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்காகக்கூட இல்லை. காலை ஊன்றவே முடியவில்லை, மணியோ ஒன்பதரை தாண்டிவிட்டது. எல்லாம் போச்சு, இவளுடைய வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்று மனம் பதறியது. "கிரேஸ், என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சர்டிபிகேட் பையை என் கையில் கொடுத்தாள். "ஏறுங்க அத்தான்."

"எங்கே?"

"கேரியர்லதான். வேற எங்க?"

"நீ... நீ ஓட்டுவியா?"

"ட்ரெயினிங் படிக்கும்போது ஹாஸ்டல்ல இருந்து தினமும் இதே மாதிரி வண்டியிலதான போனேன்."

"ஏன் என்கிட்டே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே. நேரமாவுது, ஏறுங்க."

நொண்டிக்கொண்டே போய் ஏறினேன். மீசைக்காரர் திறந்த வாயை மூடவில்லை. சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் அந்த வலையில் உரசிக்கொண்டு வந்தபோதுதான், அதை எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

அவள் ஏரிக்கரையில் தொடரவில்லை. கிடைத்த முதல் வண்டிப்பாதையில் இறங்கி நேராக மெயின் ரோட்டுக்கு விட்டாள். "கிரேஸ், லாரி!" என்று அலறினேன். "தெரியுது அத்தான்" என்று பெல்லை அடித்தாள். ஒரு செங்கல் லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. கிளீனர் பையன் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அண்ணா, குந்திகினு ஜோரா போறியே!" என்று கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதங்களை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவளிடம் ஒரு ஆட்டம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. என் ஜன்மத்தில் நான் அப்படி நேராக ஓட்டியதில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் தலைமையாசிரியையே நின்றுகொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் கூட்டம். முன்னால் வேர்த்து விறுவிறுத்து வண்டி ஓட்டும் பெண், பின்னால் இடுப்பு வரைக்கும் சேற்றோடு, சர்டிபிகேட் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பத்து மணி அடித்ததே கேட்கவில்லை. நான் வெட்கத்தில் செத்துவிட்டேன்.

"யாரும்மா இது?" என்று தலைமையாசிரியை என்னைக் காட்டிக் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் மேடம். துணைக்கு வந்திருக்காங்க" என்றாள் கிரேஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வேலை கிடைத்தது. உள்ளே பாடத்தைப் பற்றிக் கேட்டதைவிட அந்த ரோட்டில் எப்படி வந்தாய் என்று கேட்டதுதான் அதிகமாம். மறுவாரத்திலிருந்து சைக்கிள் அவளுக்கு, எனக்கு நடை. ராஜகீழ்ப்பாக்கம் முனையில் மீசைக்காரர் அவளுக்கு சல்யூட் வைப்பார் என்று கேள்வி. என்னைப் பார்த்தால் மட்டும், "இன்னா சார், நடந்துகினு போறே? டிரைவரம்மா இன்னிக்கு வர்லியா?" என்பார்.

இதை அவள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னாள், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது மகன் காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்து போகும்போது, சிக்னலில் ஒரு போலீஸ்காரர் தென்பட்டால் போதும், பின்சீட்டிலிருந்து பேரன் பேத்திகள் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "தாத்தா, குதிங்க!"

எல்லாரும் சிரிக்கிறார்கள். கிரேஸ் மட்டும் சிரிப்பதில்லை. பின்னாலிருந்து எட்டி, என் பக்கத்துக் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். நல்லவேளை, பார்க்கிறாள். ஏனென்றால் என் கை அதற்குள் கதவுப்பிடிக்குப் போயிருக்கும்.