நான் உட்கார்ந்ததால் நிறைவேறிய சட்டம்

அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, ஒரு மைக்ரோவேவ் அடுப்பால் கற்றுக்கொண்டது. இதை வெளியே சொல்லும் தைரியம் வரப் பத்து வருடம் ஆகிவிட்டது. அந்தப் பத்து வருடமும் என் குடும்பம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சொல்லாத ஆள், நாங்கள் இப்போது குடியிருக்கும் றிச்மண்ட் ஹில்லில் இல்லை.

அப்போது நான் திருநெல்வேலியிலிருந்து டொரன்டோவுக்கு மேற்படிப்புக்காக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நகரின் கிழக்கே, ஸ்கார்பரோவின் வோபர்ன் பகுதியில் பவானி அன்ரி வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாலை வேலை. ஊரில் எல்லாரையும் போல ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்து, அவருடைய மகள் தர்ஷியைப் பார்த்து ஒரே வாரத்தில் ‘அன்ரி’க்கு மாறியிருந்தேன். வாடகை ஒப்பந்தத்தில் சாப்பாடு கிடையாது. ஆனால் தினமும் காலையில் படிக்கட்டின் மேல்படியில் எனக்கென்று ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். நன்றி சொன்னால், “சும்மா இருங்கோ பிள்ளை, கூடச் சமைச்சுப் போட்டன்” என்பார். இத்தனை மாதமாகத் தினமும் தவறாமல் எப்படிக் கூடிப்போகும் என்று நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் கேள்வி கேட்பது என் வியாதி. பஸ் ஏன் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது, பால் ஏன் பைக்குள் பையாக வருகிறது என்று தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்பேன். அந்த வியாதியால்தான் அந்தக் கோடைப் பயிலரங்கத்துக்கும் விண்ணப்பித்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க ஜனநாயகத்தையும் தலைமைப் பண்பையும் ஐந்து வாரத்தில் அறிமுகப்படுத்துவார்களாம். நடத்துவது எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கல்லூரி. பலருக்கு விசா கிடைக்காது என்பதால் வகுப்புகளை டொரன்டோ டவுன்டவுனில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவைக் கனடாவில் உட்கார்ந்து படிப்பதா என்று தர்ஷி சிரித்தாள். எனக்கு அதுவே சுவாரசியமாக இருந்தது. அடுத்த வீட்டைப் பற்றி நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதுதானே சௌகரியம்?

நாங்கள் இருபது பேர், ஆளுக்கொரு நாடு. பேராசிரியர் வால்டர் கழுத்தில் போ டை கட்டிய, பழுத்த மனிதர். நான் கை தூக்கும்போதெல்லாம் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் நடுவில் ஏன் ஒரு கூட்டம்? சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஏன் இரண்டிரண்டு செனட்டர்? அவர் சொல்லும் பதிலுக்குள்ளிருந்து நான் இன்னும் இரண்டு கேள்வி எடுப்பேன். மூன்று வாரம் சொர்க்கத்தில் இருந்தேன்.

நான்காவது வாரத் திங்கட்கிழமை மதியம், பொது அறையில் இருந்த ஒரே மைக்ரோவேவில் அன்ரியின் மீன் குழம்பை வைத்து நான்கு நிமிடம் அழுத்தினேன். (இரண்டு நிமிடம் போதும் என்று இப்போது தெரியும். வைக்கவே கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.) உள்ளே படபடவென்று வெடித்தது. கதவைத் திறந்தபோது கிளம்பிய வாசம் பொது அறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, வகுப்பறைக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. பிற்பகல் வகுப்பு பேச்சுச் சுதந்திரம் பற்றியது. பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாதிரி செனட் ஆரம்பம். ஆளாளுக்கு மசோதா எழுதிக் கொண்டு வரலாம். எது நிறைவேறுகிறதோ அது பயிலரங்கம் முடியும்வரை நிஜமாகவே அமலில் இருக்கும் என்றார் வால்டர். முதல் மசோதாவை இங்ரித் கொண்டு வந்தாள். பொது மைக்ரோவேவில் மீன் முதலிய கடல் உணவுகளைச் சூடாக்கத் தடை. இந்த இங்ரித் எந்த நாடு தெரியுமா? நார்வே. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு மீனுக்கு எதிராகச் சட்டம்!

மசோதாவில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மற்ற பத்தொன்பது பேரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கழிவறைக்குப் போய்ச் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். தலைமுடியை முகர்ந்து பார்த்தேன். மறுநாள் ஆரம்பித்து மூன்று நாள் அன்ரியின் பெட்டியை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கி, என் குளிர்சாதனப் பெட்டியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வகுப்புக்குப் போனேன். மதியம் ஒரு வாழைப்பழம். அன்ரியிடம் “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று பொய்.

ஆனால் தோற்கவும் மனமில்லை. அந்தச் சட்டம் நிறைவேறினால், அன்ரியின் சமையல் நாற்றம் என்று இருபது நாடுகள் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. எண்ணிப் பார்த்தேன். என் பக்கம் ஆறு பேர் தேறினாலே அதிகம். அப்போதுதான் வால்டர் நடத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்க செனட்டில் ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பை நடத்தவிடாமல் தடுக்கலாம். என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் நின்றுகொண்டே பேச வேண்டும். உட்கார்ந்தால் முடிந்தது.

இதைக் கேட்டு மற்றவர்கள் வாய் பிளந்தார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. “நேரமின்மை காரணமாக ஓரிரு வார்த்தைகளில் முடித்துக்கொள்கிறேன்” என்று தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் பேசுகிறவர்களின் மேடைகளுக்குக் கீழே வளர்ந்தவள் நான். பள்ளியில் பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் பேசி மூன்று முறை தகுதி இழந்திருக்கிறேன். என் வாழ்நாள் குறையையே தகுதியாக மதிக்கும் ஒரு நாடு பக்கத்திலேயே இருந்திருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பேச எழுந்தேன். ஒரு மணிக்குக் கூட்டம் முடியும். அதுவரை நின்றால் மசோதா செத்துவிடும்.

முதல் அரை மணி நேரம் கம்பீரமாகப் போயிற்று. சிறுபான்மையினர் உரிமை, மனிதனும் நெருப்பும், மீனும் நாகரிகமும். அடுத்த அரை மணியில் மைக்ரோவேவின் பயன்பாட்டுக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை வாசித்தேன். பிறகு ஸ்கார்பரோவில் எந்த பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்பது. பிறகு என் அப்பாவுக்குப் பல் பிடுங்கிய கதை. பழக்கதோஷத்தில் “இறுதியாக” என்று ஏழு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சபைத் தலைவராக உட்கார்ந்திருந்த வால்டர் நம்பிக்கையோடு தன் மரச் சுத்தியலை எடுத்தார், கீழே வைத்தார். பன்னிரண்டரைக்கு என் கால்கள் எனக்குச் சொந்தமானவையாக இல்லை. கையிருப்பில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அன்ரியின் மீன் குழம்பு எப்படி வைப்பது?

அதுவரை தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். சின்ன வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை, புளி எல்லாம் சொன்னேன். யாரோ குறிப்பெடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. “பிறகு தேங்காய்ப்பாலை...” என்று சொல்லி நின்றேன். கெட்டிப் பாலை முதலில் ஊற்றுவதா, கடைசியிலா? எனக்குத் தெரியாது. அன்ரி செய்வதைச் சாப்பிட்டிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. “முதலிலேயே ஊற்றிவிட வேண்டும்” என்று துணிந்து அடித்துவிட்டேன்.

“முதற்பாலைக் கடைசியா விடவேணும், பிள்ளை! முதல்லயே விட்டாத் திரைஞ்செல்லோ போகும்!”

குரல் வாசலிலிருந்து வந்தது. கதவில் ‘பொதுமக்கள் வரலாம்’ என்று வால்டர் ஒட்டி வைத்திருந்த தாளுக்குப் பக்கத்தில் பவானி அன்ரி நின்றுகொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி. பஸ்ஸும் சப்வேயும் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததற்கு என்னைப் பொறுப்பாக்கக் கூடாது. என்னை வளர்த்தவர்களைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பெரியவர் நிற்கும்போது நமக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். பேச்சை நிறுத்தாமலே என் நாற்காலியை இழுத்துப் போட்டு, “வாங்க அன்ரி, உட்காருங்க” என்றேன்.

“நீங்கள் நிக்க நான் இருக்கிறதோ? நீங்கள் இருங்கோ.”

“இல்ல அன்ரி, நீங்க உட்காருங்க.”

“எனக்கு வேண்டாம் பிள்ளை. உங்களுக்குக் கால் நடுங்குது. முதல்ல நீங்கள் இருங்கோ.”

“நீங்க உட்கார்ந்தாத்தான் நான் உட்காருவேன்.”

“சரி, அப்ப ரெண்டு பேரும் இருப்பம்.” பக்கத்து நாற்காலியை இழுத்து அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் நின்றவள், பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, யாரும் வற்புறுத்தாமல், சிரித்த முகத்தோடு உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சுத்தியல் விழுந்தது. “உறுப்பினர் அமர்ந்துவிட்டார்” என்றார் வால்டர். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை.

“ஏன் எல்லாரும் எங்களைப் பாக்கினம்?” என்று அன்ரி என் காதில் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பதறிவிட்டார். “அப்ப கெதியா எழும்புங்கோ!”

“இனிமே எழுந்து பிரயோஜனம் இல்ல அன்ரி. முடிஞ்சுபோச்சு.”

“அப்பிடி என்ன சட்டம் உது?”

என் வாய் அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து ஓயாமல் ஓடிய அதே வாய்தான். இங்ரித்தான் எழுந்து, காது மடல் சிவக்க, மசோதாவை ஆங்கிலத்தில் வாசித்தாள். மைக்ரோவேவில் மீனைச் சூடாக்கத் தடை. அன்ரி கடைசிவரை கவனமாகக் கேட்டார். அவர் மனம் புண்படப் போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மைக்ரோவேவிலயோ?” என்று அன்ரி என் பக்கம் திரும்பினார். “என்ர மீன் குழம்பையோ? நீங்களோ வச்சனீங்கள்?”

“ஆமா அன்ரி.”

“ஐயோ பிள்ளை! மீன் குழம்பை ஆரும் சூடாக்குவினமோ? ஆறவிட்டு, ஒரு இரவு வச்சு, அப்பிடியே சாப்பிட்டாத்தானே ருசி! எங்கட வீட்டிலயும் உந்தச் சட்டம் இருக்குது. தர்ஷிக்கு எத்தினை தரம் பேசியிருக்கிறன்!” பிறகு இங்ரித்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “நல்ல சட்டம், மகள். நான் ஆதரிக்கிறேன்.”

பொதுமக்களுக்கு வாக்கு இல்லை என்று வால்டர் விளக்கினார். “அதுக்கென்ன, சாப்பிடலாம்தானே?” என்று அன்ரி பெட்டியைத் திறந்தார். குழம்பு ஆறியிருந்தது. வாசம் அடக்கமாக அந்தப் பெட்டியைச் சுற்றி மட்டும் நின்றது. ஆளுக்கொரு துண்டு ரொட்டியில் தொட்டுக் கொடுத்தார். இங்ரித் இரண்டாம் தடவை வந்து கை நீட்டினாள். எல்லாரும் விரலைச் சூப்பி முடித்ததும் வாக்கெடுப்பு நடந்தது. பத்தொன்பது கைகள் உயர்ந்தன. அன்ரி முழங்கையால் என்னை இடித்தார். “தூக்குங்கோ பிள்ளை, சரியான சட்டம்.” தூக்கினேன்.

வாக்கெடுப்பு முடிந்து அன்ரியும் நானும் சப்வேயில் திரும்பினோம். ரயில் கிளம்பியதும் அவர், “இண்டைக்கு உங்கட அறைப் பக்கம் தண்ணி கசியுதோ எண்டு பாக்கக் கீழ இறங்கினனான். பிரிட்ஜுக்குள்ள மூண்டு பெட்டி அப்பிடியே கிடக்குது. அதுதான் ஒண்டை எடுத்துக்கொண்டு வந்தனான்” என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சுரங்கத்துக்குள் பார்க்க ஒன்றும் இல்லை.

“வெக்கப்பட்டது மீனுக்கோ, எனக்கோ?”

“தெரியல அன்ரி” என்றேன். அது உண்மைதான். அழுகை வந்துவிட்டது. அவருக்காகப் போராடுகிறேன் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை நிமிர்த்தினேனே, அவர் பெட்டியைத் திருட்டுத்தனமாக ஒளித்து வைத்த கையும் என்னுடையதுதான்.

“சரி விடுங்கோ. ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன், சூடாக்கக் கூடாது எண்டு. ஊர் உலகத்தையெல்லாம் கேள்வி கேக்கிறியள், இதைக் கேக்கேல்ல.”

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் துருவியவள் மேல்மாடியில் இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் படியேறிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்க ஆரம்பித்தேன். முதற்பால் ஏன் கடைசியில்? புளி எப்போது? அந்தக் கேள்விகள் இன்னும் முடியவில்லை. வாடகைக்காரியாக இருந்தவள் எப்போது அந்த வீட்டுப் பிள்ளை ஆனேன் என்று எனக்கே தெரியாது. என் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தாய் வீட்டார் என்று நின்றவர்களில் அன்ரியும் ஒருவர்.

பயிலரங்கத்தின் கடைசி நாளில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். என்னுடையது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ. ஆனால் வால்டர் அந்தச் சட்டத்தின் பிரதியில் இருபது பேரிடமும் கையெழுத்து வாங்கி, அன்ரிக்கென்று கொடுத்தனுப்பினார். அதை அவர் தன் வீட்டு மைக்ரோவேவ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். ஓரம் மஞ்சளாகிவிட்டது, நடுவில் எண்ணெய்க் கறை. நான் ஏதாவது விசேஷத்தில் கொஞ்சம் நீளமாகப் பேச ஆரம்பித்தால் போதும், தர்ஷி எழுந்து, “அக்காவுக்கு ஒரு கதிரை குடுங்கோ, ப்ளீஸ்! ஷீ வில் ஸ்டொப்” என்பாள். சபை முழுக்கச் சிரிக்கும். நானும் உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் வோபர்னுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். என் கணவர் சென்னைக்காரர், எதையும் சுடச்சுடச் சாப்பிட்டே பழகியவர். நாங்கள் கூடத்தில் இருந்தபோது சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய், மீன் குழம்புக் கிண்ணத்தை மைக்ரோவேவுக்குள் வைக்கப் போனாராம். அன்ரி பின்னாலேயே வந்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. கதவை மெல்லச் சாத்தி, அதில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினார்.

“வாசியுங்கோ தம்பி. ஒருத்தரும் எதிர்க்கேல்ல. உங்கட மனுசியும் கை தூக்கினவ.”