தொபுக்கடீர் கட்டிய குளியலறை

கிள்ளானில் தொடங்கி பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், வெட்கம் என்கிற சாமானே இல்லாமல் பிறந்த மனுஷர் ஒரே ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் பெயர் தொபுக்கடீர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு இருக்கும். எனக்குத் தெரியாது. பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகக் கட்டித் தருகிற வேலை அவருக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாக அந்த வீட்டு பாத்ரூமில் விழுவார். வழுக்கி இல்லை, வேண்டுமென்றே. அதனால்தான் அந்தப் பெயர்.

எங்கள் வீட்டிலும் விழுந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். எனக்கு முட்டி போய்விட்டது. குளிக்கப் போனால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை. ஒருநாள் மகனும் மருமகளும் ஹாலில் உட்கார்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினார்கள். "அம்மாவைக் குளிப்பாட்ட ஒரு மெய்ட் வச்சிடலாம்."

மெய்டாம்! கட்டின புருஷன் முன்னால்கூட நான் முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கினதில்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து எனக்கு முதுகு தேய்ப்பதா? வாயைத் திறந்து சண்டை போட எனக்கு வராது. சோறு சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மகன் பயந்துபோனான். "சரிம்மா, பாத்ரூமை மாத்திக் கட்டுறேன். அதுல நீங்க தனியா குளிச்சிட்டீங்கன்னா மெய்ட் வேணாம். முடியலன்னா வச்சுத்தான் ஆகணும்" என்றான்.

சொன்ன கையோடு, யாரையும் கேட்காமல் ஒரு பாத்டப்பை வாங்கி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். ஏதோ ஹோட்டலில் பார்த்தானாம். "ராணி மாதிரி படுத்துக் குளிக்கலாம்மா." அதன் விளிம்பு என் முட்டிக்கு மேலே நின்றது. முட்டி மடங்காதவள் மதில் ஏறிக் குதித்துக் குளிக்க வேண்டுமாம்! ஆனால் ஆசை ஆசையாக வாங்கி வந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் தொபுக்கடீர் வந்தார். நெட்டை ஆள். பாசாரில் மீன் கூவி விற்கிற குரல். வணக்கம் சொன்னார், நேராக பாத்ரூமுக்குள் போனார், தொபுக்கென்று ஒரு சத்தம். ஓட முடியாத நான் ஓடினேன். மனுஷர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். கையில் எங்கள் வீட்டுத் துண்டு போடுகிற கம்பி, ஆணியும் காரையுமாக.

"ஐயோ, யாராச்சும் வாங்க!"

"கத்தாதீங்கலா ஆன்டி. விழுந்து பாக்குறேன். விழும்போது கை எதைப் புடிக்குதுன்னு தெரியணும்ல? பாத்தீங்களா, துண்டுக் கம்பி. புடுங்கிக்கிட்டு வந்துருச்சு. இதை நம்பித்தான் பாதிப் பேரு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

"அதுக்காக இதைப் பிடுங்கிப் போடுறதா?"

"எப்படியும் உடைக்கத்தானே போறோம்!"

எழுந்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார், தெருவுக்கே கேட்கும்படி. "ஆன்டி, நின்னுக்கிட்டுக் குளிப்பீங்களா, உக்காந்தா? எந்தக் காலை மொதல்ல உள்ள வைப்பீங்க? சோப்பு எந்தக் கையில?" பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. ஒரு பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா இது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நின்றேன்.

அவர் விடவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சாரோங்கை உருவினார். சட்டைக்கு மேலேயே மார்புக்குக் குறுக்காகக் கட்டிக்கொண்டார். "இப்ப நான்தான் ஆன்டி" என்று இடுப்பை ஆட்டி நடந்து, வலது காலை உள்ளே வைத்து, நின்றபடியே தலையில் எண்ணெய் தேய்ப்பதுபோல் ஆட்டம் போட்டார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுச் சன்னலில் ஒரு தலை இரண்டு தலையாகிவிட்டது. எனக்கு உச்சி பற்றிக்கொண்டு எரிந்தது.

"வலது காலையா வைக்கிறே? அதுதான் வலிக்கிற காலு! இடது காலைத்தான் வைப்பேன்!"

"ஓ."

"நின்னுக்கிட்டு எவளாச்சும் எண்ணெய் தேய்ப்பாளா? பலகையில உக்காந்துதான்! அந்த எண்ணெய் எல்லாம் தரையில வழிஞ்சு, டைல்ஸ் கண்ணாடி மாதிரி வழுக்குது! எழுந்திருக்கப் பிடிக்க ஒண்ணும் இல்ல, சுவரைப் பிராண்டுறேன்! கண்ணுல சீயக்காய் போனா குழாய் எங்க இருக்குன்னு தெரியல! சுடுதண்ணியைத் திறந்தா மொதல்ல என் தலையிலதான் கொதிக்குது!"

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பாத்டப்! அதுல என்னை நாலு பேரு பாடையில வைக்கிற மாதிரி தூக்கித்தான் வைக்கணும்!"

சொன்ன பிறகுதான் மகன் பின்னால் நிற்பது தெரிந்தது. அவன் முகம் செத்துப்போய்விட்டது. "இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். தொபுக்கடீர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நான் கத்தினதை எல்லாம் உடைக்கப்போகிற சுவரிலேயே எழுதிக்கொண்டிருந்தார். சாரோங்கை இன்னும் அவிழ்க்கவில்லை.

வேலை நடந்தது. சண்டையும் கூடவே நடந்தது. மகன் மனசு நோகக் கூடாது என்று பாத்டப்பை ஒரு மூலையில் சுவரோரமாகப் பதித்தார். இன்று வரைக்கும் அதில் யாரும் படுத்ததில்லை. தண்ணி கட் என்று அறிவிப்பு வந்தால் விளிம்பு வரை நிரப்பி வைக்கிறோம். ராணி படுக்க வேண்டிய இடத்தில் தண்ணி படுத்திருக்கிறது.

இந்தப் பக்கம் எனக்கு ஷவர். வாசலில் படியே இல்லை. தண்ணி தானாக ஓடிப்போகிற மாதிரி தரையைச் சாய்த்து, சொரசொரப்பு டைல்ஸ் ஒட்டினார். செங்கல்லுக்குள் இறக்கி முடுக்கிய கம்பிகளில் அவரே தொங்கிக் காட்டினார். குழாயை வாசலோரம் வைத்தார், தண்ணியின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். கையில் எடுத்து ஊற்றிக்கொள்கிற ஷவர், உட்கார ஒரு திண்டு.

அந்தத் திண்டு! தன் உயரத்துக்கு அளந்து கட்டிவிட்டார். நான் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை, தொட்டில் பிள்ளை மாதிரி ஆடுகிறது. "ஊர் ஊரா விழுந்து பாக்குற மனுஷனுக்கு, ஒரு குட்டச்சியை உக்கார வச்சு அளக்கத் தெரியலையா?" என்றேன். "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டு உடைத்தார். திரும்பக் கட்டினார்.

கடைசிச் சண்டை தாழ்ப்பாளுக்கு. உள்ளே தாழ்ப்பாளே வேண்டாம் என்றார்.

"தாழ்ப்பாள் இல்லாம எப்படிக் குளிப்பேன்?"

"உள்ள விழுந்து கிடந்தீங்கன்னா யாரு ஆன்டி கதவை உடைக்கிறது?"

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன், மானத்தோட!"

அன்று சாமானைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்தபோது கையில் ஒரு பூட்டு. உள்ளே இருந்து பூட்டலாம். ஆபத்து என்றால் வெளியிலிருந்து ஒரு காசை நுழைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. "காசைப் போட்டு உங்க மருமக மட்டும் திறக்கட்டும். உங்க மகன்கூட வாணாம்" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் திட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை. மகனும் மருமகளும் கதவுக்கு வெளியே. கூப்பிடாமலே தொபுக்கடீரும் வந்து போர்ச்சில் நின்று கூவுகிறார்.

"ஆன்டி, என்ன செய்றீங்க?"

"உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"எண்ணெய் தேய்ச்சாச்சா?"

"வாயை மூடு!"

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் காலால் நானே வெளியே வந்தேன். ஒருத்தர் கையும் மேலே படவில்லை. மெய்ட் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது அவருக்குச் செமினிப் பக்கம் வேலை. அங்கிருந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "ஆன்டி, குளிக்கப் போறீங்களா? மெதுவாப் போங்க" என்கிறார். வெட்கங்கெட்ட மனுஷர். "எனக்குத் தெரியும், வை போனை" என்று வைத்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வைத்த எண்ணெய் நெற்றியில் வழிய, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "நேரமாகுதே அத்தை, குளிக்கப் போகலையா?" என்றாள் மருமகள். "போறேன், போறேன்" என்றேன். வெயில் ஏறின பிறகு போன் அடித்தது. எடுத்ததும் அவரைப் பேசவே விடாமல் மூச்சு முட்டத் திட்டித் தீர்த்தேன்.

அதற்கு அப்புறம்தான் குளிக்கப் போனேன்.