நடுக்கடலில் நின்ற கம்போ

குழாயில் தண்ணீர் வந்த பிறகும் அடுப்பை விட்டு நகராத ஒரே மனிதரை மும்பை பார்த்திருக்கிறது என்றால், அவர் எங்கள் தாராவிச் சந்தின் கப்பல் அண்ணாச்சிதான்.

சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால் கதை ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம். எந்தக் கதையானாலும் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அவர் கற்றுக்கொண்ட கம்போவில்தான் போய் முடியும். கோழியும் சாசேஜும் வெண்டைக்காயும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் கெட்டிக் குழம்பு அது. சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டுமாம். அண்ணாச்சி பக்கத்திலிருக்கும் தாணேயைத் தாண்டியதே இல்லை என்பது சந்தின் ஒருமித்த கருத்து.

எதிர்வீட்டில் இட்லி வியாபாரம் செய்த செல்வி அக்காதான் ஒருநாள் பொறுமை இழந்தார். "வர்ற சண்டே செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி. இல்லன்னா இனிமே கப்பல் கதையே பேசக் கூடாது."

கதையைத் தவிர வேறு சொத்தில்லாத மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? சம்மதித்துவிட்டார்.

ஞாயிறன்று கோவா சாசேஜைச் சரமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வந்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். குண்டாவில் எண்ணெயும் மைதாவும் சமமாகப் போட்டு, சிறு தீயில் கிளறத் தொடங்கினார். மாவு சாக்லேட் நிறத்துக்கு வரும்வரை கரண்டி நிற்கக் கூடாது. அதற்கு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை, கதைதான் கணக்கு. கப்பல் ஏடன் சேர்ந்தபோது மாவு கோதுமை நிறம். சூயஸில் பிஸ்கட் நிறம். கேலி செய்யவென்றே வாசலில் உட்கார்ந்திருந்த நாங்கள் மெதுவாக மோப்பம் பிடிக்க ஆரம்பித்தோம்.

கப்பல் அட்லாண்டிக்கில் நுழைந்த நேரம், விடியற்காலையில் ஏமாற்றிய தண்ணீர் குழாயில் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. மொத்தச் சந்தும் குடத்தோடு பறந்தது.

"அண்ணாச்சி, உங்க டிரம்மும் காலியால்லா கெடக்கு. அடுப்ப அணைச்சிட்டு வாங்க," என்றேன்.

"நிப்பாட்டினா பதம் போயிரும் தம்பி. நீ போ."

யாருமில்லாத வீட்டுக்குக் கதை சொல்லியபடியே கிளறிக்கொண்டிருந்தார். நான் அரைக்குடம் பிடிப்பதற்குள் குழாய் நின்றுவிட்டது. அது எங்கள் வீட்டு உலைக்கே சரியாகப் போயிற்று.

திரும்பி வந்தால் மாவு அட்டகாசமான சாக்லேட் நிறம். வெங்காயம், குடைமிளகாய், கோழி, சாசேஜ், வெண்டைக்காய் எல்லாம் அதே குண்டாவில் விழுந்தன. தண்ணீர் ஊற்றுவதுதான் பாக்கி. அண்ணாச்சி டிரம்மைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். கதையும் கரண்டியும் ஒன்றாக நின்றன. எனக்குப் பாவமாக இருந்தது.

பந்தயத்தில் ஜெயித்துவிட்ட செல்வி அக்கா எழுந்து தன் வீட்டுக்குள் போனார். இட்லிக்கு மாவரைக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து குண்டாவில் சாய்த்தார்.

"நடுக்கடல்ல தண்ணியில்லாம நிக்கவா கப்பல் ஏறினிய? மிச்சத்தச் சொல்லுங்க."

குழம்பு கொதித்து முடியவும் கப்பல் துறைமுகம் சேரவும் சரியாக இருந்தது. புளி ஊற்றாமல், வெண்டைக்காய் வழவழவென்று, இதெல்லாம் ஒரு குழம்பா என்று குறை சொல்லியபடியே அக்கா மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

இப்போது பாண்டுப் பக்கம் நான் குடியிருக்கும் ஃப்ளாட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கம்போ வைக்கிறேன். கதை சொல்ல ஆளில்லாமல் மாவு சூயஸைத் தாண்டுவதற்குள் கருகிவிடுகிறது. ஒருநாள் வாங்க அண்ணாச்சி. தண்ணீர் நான் பிடித்து வைக்கிறேன்.