கண்மூடிச் சித்தர்

ராஜா அண்ணாமலைபுரத்து ஒருவழிச் சாலையின் வளைவில் ஒரே மாதத்தில் மூன்று பேர் அடிபட்டு மாண்டார்கள். மக்கள் கடக்கும் வெள்ளைக்கோடு அங்கே எப்போதோ அழிந்துவிட்டது. வளைவில் திரும்பும் வண்டி எதுவும் வேகத்தைக் குறைத்ததில்லை. ஆயினும் ஊர் கண்டுபிடித்த காரணம் வேறு: முனி! முனி வந்துவிட்டால் சித்தர் வராமலா இருப்பார்? வந்தார், கண்மூடிச் சித்தர்.

மாலைதோறும் திருவிழாதான். சீடன் மணியடிப்பான். சித்தர் கண்ணை மூடி, கையை உயர்த்திச் சாலையைக் கடப்பார். என்னே அதிசயம், ஒரு வண்டிகூட வராது! "நான் மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டு, கண்ணை மூடு, நட! கண் திறந்தால் முனி கோபிக்கும்!" இதுவே உபதேசம். பட்டம் பெற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். பட்டத்தைத் தந்தவர்கள் புத்தியையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லவில்லையே!

வீடுகளில் சமையல் வேலை செய்யும் ரத்னாவும் மகள் கயலுக்குக் கயிறு கட்டிவிட்டாள். நாளை முதல் ரத்னாவுக்கு விடியற்காலையிலேயே வேலை. பெண் தனியாகத்தான் இந்தச் சாலையைத் தாண்டிப் பள்ளிக்குப் போக வேண்டும். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு! தாய் கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

"இன்னா ரத்னாக்கா, பொண்ணை முனி கையில குட்த்துட்டியா?" என்றார் பஞ்சர் கடை கலீமுல்லா.

"கிண்டல் பண்ணாத பாய். சாமி தெனம் தாண்டிக்கினுதானே கீறாரு?"

"மணி அடிக்காம என்னிக்காவது தாண்டிக்கீறாரா? அந்தச் சீடன் எங்க பாத்துக்கினு அடிக்கிறான்னு பாரு."

பார்த்தாள். சீடனின் கண் வளைவுக்கு அப்பாலிருந்த சிக்னல்மேல் இருந்தது. அங்கே சிவப்பு விழுந்தது, மணி ஒலித்தது, வண்டிகள் அங்கேயே நின்றதால் சாலை காலியானது, அற்புதம் நிகழ்ந்தது!

சித்தர் மறுபடி கடக்க ஆயத்தமானார். ரத்னா பாய்ந்து சீடனின் மணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்தத் தபா மணி இல்லாம நடங்க சாமி."

சித்தரின் மூடிய இமைகள் துடித்தன. "மணியோசை இல்லாவிட்டால் முனி உறக்கம் கலையாது, மகளே!"

"தூங்கினா நல்லதுதானே, சட்டுனு போ நைனா!" என்றார் கலீமுல்லா. கூட்டம் சிரித்தது.

வேறு வழியின்றி ஒரு காலை வைத்தார் சித்தர். தண்ணீர் லாரி ஒன்று ஒலியெழுப்பியது. மறுகணம் முற்றும் துறந்தவரின் இரு கண்களும் முழுதாகத் திறந்தன. ஒரே தாவலில் கூட்டத்துக்குள் விழுந்தார். எழுந்து பார்ப்பதற்குள் சீடனைக் காணோம்!

ரத்னா சிக்னலைச் சுட்டிக்காட்டினாள். சிவப்பு விழுந்ததும் மணியை அடித்தாள். "இப்ப யார் வேணாலும் சித்தர்தான், வாங்க!"

மகளின் கயிற்றை அறுத்தெறிந்தாள். "நாளைலேர்ந்து சிக்னலாண்ட போய், செவப்பு வுழுந்தப்புறம் தாண்டு. ரெண்டு கண்ணையும் நல்லா தொறந்து வெச்சுக்கோ, கண்ணு."

தோழர்களே, அந்த மூவரைக் கொன்றது முனியென்றால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கட்டுக்கடங்காத வேகமும் கோடழிந்த சாலையுமே கொன்றன என்றால், பலர் பதில் சொல்லியாக வேண்டும். அப்படியானால் இந்த முனி யாருக்கு வேண்டியவன்? இப்போதாவது யோசியுங்கள்!