சேற்றில் போட்ட நாற்காலி

கோரிமேடு எல்லை தொடங்கிக் கடற்கரை வரைக்கும் ஆத்து மதாமுக்குப் பயப்படாத ஆள் புதுச்சேரியில் எவரும் இல்லை. பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயரானவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவுக்கே மதாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குக் காவல் இருந்ததால் ஆத்து மதாம்.

'ஓடும்' என்பது ஒரு மரியாதைக்கு. அப்போது அது நின்றுகொண்டுதான் இருந்தது. மேலே ஆகாயத்தாமரை, கீழே கறுப்புச் சேறு, இரண்டு பக்கமும் சாக்கடைக் குழாய்கள்.

ஒருநாள் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் பாலத்திலிருந்து கோழிக்கழிவு மூட்டையை வீசிவிட்டுப் பறந்தார். மதாம் மூட்டையை மீட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஹாலின் நடுவில் மூட்டையை வைத்து, "இதப் பாலத்துல மறந்துட்டு வந்துட்டீங்க, மிஸ்யே" என்றார் பிரெஞ்சு மரியாதையோடு. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஆற்றைச் சீரமைத்துக் கரையில் பூங்கா அமைக்க அரசு நிதி ஒதுக்கியது. மதாம் தெரு முழுக்கக் கேக் கொடுத்தார். வேலை ஆரம்பித்தது. கிரானைட் நடைபாதை வந்தது. செல்ஃபி எடுக்க வளைவு வந்தது. பெஞ்சுகள் வந்தன. சாக்கடை மட்டும் நிற்கவில்லை. அடுத்தது கலர் லைட் வைத்த நீரூற்று என்றார்கள்.

மதாம் என்னையும் இழுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனார்.

"மொதல்ல பார்க், மதாம். ஆறு அடுத்த ஃபேஸ்."

"நாத்தத்துக்குப் பக்கத்துல பெஞ்ச் போட்டா எவன்யா உக்காருவான்?"

"பூச்செடி வைக்கிறோம் மதாம், வாசனை வரும்."

மதாம் எழுந்தார். நீரூற்றுக்குப் பூஜை என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நீரூற்றுக்குப் பூஜை போட்ட அன்று காலை, பந்தலுக்கு நேர் எதிரே, ஆற்றுச் சேற்றில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீரில் மதாம், தலைக்கு மேல் குடை. சாக்கடையை அடைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று விசில் ஊதி அறிவித்தார்.

"மேல வாங்க மதாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீ எறங்கி வந்து கூட்டிட்டுப் போ."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பெண் போலீஸைப் பார்த்தார். அந்த அம்மா தன் ஷூவைப் பார்த்தார்.

"அரசுப் பணியத் தடுக்கறீங்க!" என்று கத்தினார் இன்ஜினியர்.

"நான் எங்கய்யா தடுத்தேன்? உன் வேலை கரைல. நான் ஆத்துல இருக்கேன். இங்கதான் உனக்கு வேலையே இல்லியே!"

கூட்டம் சிரித்தது. நான் டீ வாங்கிவந்து கரையிலிருந்தே நீட்டினேன்.

"இங்க எடுத்துட்டு வாடா. உன் தெரு சாக்கடையும் இதுலதான் கலந்திருக்கு, கூச்சப்படாத."

பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். நாற்றம் மூக்கில் ஏறியது. ஆனால் இறங்கியபின் ஏறிப் போக மனசு வரவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றேன். பிறகு எதிர்வீட்டு வாத்தியார் இறங்கினார், பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து மீன் விற்கும் அக்கா இறங்கினார். வெயில் ஏற ஏறத் தெருவே சேற்றில் நின்றது. பந்தலில் ஐயரும் மைக்செட்காரரும்தான் மிச்சம்.

சாயங்காலம் பெரிய அதிகாரி வந்தார். நீரூற்று வேண்டாம், அந்த நிதியில் சாக்கடையைத் திருப்பிவிடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மைக்கில் இன்னொரு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் மதாம் எழுந்தார்.

சொன்னபடி குழாய்கள் திரும்பின. ஆறு இன்னும் பளிங்காகவில்லை. ஆனால் மூக்கைப் பொத்தாமல் உட்காரலாம்.

மதாமின் காலில்தான் சேற்றுப்புண் வந்து வந்து போனது. போன வாரம் வீக்கம் அதிகமாகி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்கப் போனேன்.

"பெஞ்சுல ஆளு உக்கார்றாங்களாடா?"

"உங்க காலு எப்படி இருக்கு மதாம்?"

"காலு கெடக்குது. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எல்லா பெஞ்சும் ஃபுல். ஒண்ணுல மட்டும் யாரும் உக்கார்றதில்ல. நீங்க வருவீங்கன்னு விட்டு வச்சிருக்காங்க."

மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சீக்கிரம் எழுந்து வந்து, அந்த பெஞ்சை ஏன் துடைத்து வைக்கவில்லை என்று என்னை நாலு பேர் முன்னால் திட்ட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.